நுரை வந்தது, தண்ணீர் வரவில்லை

அத்தியாயம் 6

துப்பறியும் சாவித்திரி தன் தொழிலில் எத்தனையோ இடங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பூட்டிய குடோனில் மாட்டியிருக்கிறாள். ஓடுகிற லாரியில் மாட்டியிருக்கிறாள். ஒருமுறை கல்யாணப் பந்தியில், சம்பந்திச் சண்டைக்கு நட்டநடுவில் கையில் அப்பளத்தோடு மாட்டியிருக்கிறாள். ஷாம்பு நுரைக்குள் மாட்டியது இதுதான் முதல் தடவை.

அவளுடைய வெள்ளை மாருதி கார், சேவூர் ரோட்டில் புதிதாக முளைத்திருந்த 'சிவா ஆட்டோமேட்டிக் கார் வாஷ்' கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தது. முன் கண்ணாடி, பின் கண்ணாடி, ஜன்னல் எல்லாம் நுரை அப்பியிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற நீல பிரஷ்கள், சாமி வந்தவை போலக் கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டு அப்படியே நின்றுவிட்டன. அடுத்து நுரையை அலச வேண்டிய தண்ணீர் வரவே இல்லை.

"மேடம், இறங்கலாமா? இல்ல, காயற வரைக்கும் உள்ளயே இருக்கலாமா?" என்றான் டேவிட்ராஜ். ஆரணியில் பிறந்து வேலூரில் சாவித்திரிக்கு உதவியாளனாகச் சேர்ந்தவன். கைக்கு முன்னால் வாய் வேலை செய்யும். அவனை வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், உளறுகிற பத்தில் ஒன்று அவனுக்கே தெரியாமல் உருப்படியாக இருக்கும் என்பதுதான்.

வெளியே ஒரு கை கண்ணாடியில் நுரையை வழித்தது. வழித்த வட்டத்துக்குள் சிவப்பிரகாசத்தின் முகம் தெரிந்தது. நெற்றி நிறைய விபூதி, தோளில் பட்டுத் துண்டு. ஆரணியில் பட்டுப்புடவை மொத்த வியாபாரம் செய்கிறவர். இந்த கார் வாஷுக்கும் அவர்தான் சொந்தக்காரர். சாவித்திரியை வேலூரிலிருந்து வரவழைத்ததும் அவர்தான்.

"பாத்தீங்களா மேடம்! கண்ணு முன்னாடியே திருடறா பாத்தீங்களா!" என்று கத்தினார். தன் போர்வெல் தண்ணீர் திருடு போவதைக் கண்ணால் கண்ட சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

இருவரும் இறங்கினார்கள். சாவித்திரியின் முழங்கை வரை நுரை. மூலையில் ஒரு டிரம்மில் தண்ணீர் இருந்தது.

"அது நேத்து போர்ல புடிச்சு வெச்சது. கழுவிக்கோங்க" என்றார் சிவப்பிரகாசம்.

சாவித்திரி மக்கை விட்டு ஊற்றிக்கொண்டாள். நுரை போவதற்குப் பதில் கூடியது. இன்னொரு மக் ஊற்றினாள். இன்னும் கூடியது.

"இது இன்னா தண்ணி மேடம், கழுவ கழுவ அழுக்காவுது?" டேவிட் குனிந்து டிரம்மை மோந்தான். "அட, நம்ம ஊரு வாசன! பட்டுப்பூச்சி செத்த நாத்தம். காத்தால எழுந்தா எங்க தெருவுல இதான் சென்ட்டு."

"அதான் மேடம் இந்த எடத்தோட விசேஷம்!" சிவப்பிரகாசம் பூரித்தார். "இந்தத் தண்ணிக்கு ஷாம்பு பாதி போட்டா போதும். பூமாதேவியே சோப்பு கலந்து அனுப்பறா."

சாவித்திரி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "பூமாதேவி இருக்கட்டும் சார். திருட்டை அப்புறம் பார்க்கலாம். இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீங்க, அதைச் சொல்லுங்க."

கேட்டது திருடனைப் பற்றி இல்லை என்றதும் சிவப்பிரகாசத்துக்குச் சற்று ஏமாற்றம். ஆனாலும் இடம் பிடித்த கதையைச் சொல்லச் சொன்னால் எந்த முதலாளிதான் மாட்டேன் என்பார்?

"முகூர்த்தப் பொடவ எடுக்க வெளியூர்லேர்ந்து கார் கட்டிகினு வர்றாங்க மேடம். பொம்பளைங்க ஒரு பொடவய பொறுக்கறதுக்குள்ள அரை நாள் ஆவும். ஆம்பளைங்க வெளிய ஒக்காந்து கொட்டாவி வுட்டுகினு இருப்பாங்க. அந்த நேரத்துல கார கழுவிக் குடுத்தா இன்னான்னு தோணிச்சு. மெட்ராஸ்ல ஒரு செகண்ட்ஹேண்ட் மெஷின் வந்துச்சு, வாங்கிட்டேன். அப்பறம்தான் எடம் தேடினேன்."

"தாலிய வாங்கிட்டு பொண்ணு தேடியிருக்காரு" என்றான் டேவிட்.

சிவப்பிரகாசம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஒரு எடம் பாத்தேன். உள்ள வந்த கார் ரிவர்ஸ்லதான் வெளிய போவணும். ஒரே பேஜார். கோட்டைப் பக்கம் ஒண்ணு பாத்தேன். அழுக்குத் தண்ணி வடிய வாட்டம் இல்ல, மழ பேஞ்சா ரோட்டுத் தண்ணியே உள்ள வந்துடும். இந்த எடம்தான் லட்டு மாதிரி கெடச்சுது. முன்னாடி அகலம், ஒரு பக்கம் நொழஞ்சு இன்னொரு பக்கம் போவலாம், பின்னாடி நல்ல சரிவு. ரோட்ல போறவனுக்கு பிரஷ் சுத்தறது தெரியும். தரிசாக் கெடந்துச்சு, பெங்களூர்ல இருக்கறவரு நெலம். சல்லிசா முடிச்சேன்."

"தண்ணி?"

"நீரோட்டம் பாக்கறவரு உள்ளங்கைல தேங்காய வெச்சிகினு பூரா நடந்தாரு. தேங்கா நிமிரவே இல்ல. 'இங்க சொட்டு கெடயாது'ன்னுட்டாரு. நான் வுடுவேனா? போர போட்டேன். பொங்கி வந்துச்சு மேடம்! இத்தினிக்கும் ரெண்டு வருசமா மழ இல்ல, சுத்துப்பட்டுல எவன் போர்லயும் தண்ணி இல்ல."

"உங்களுதுல மட்டும் வந்தது."

"கைராசி" என்றார் அவர், அடக்கத்தோடு.

அந்தக் கைராசிதான் இப்போது கைகொடுக்கவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களை அழைத்துத் திறப்பு விழா வைத்த அன்று, முதல் காரிலேயே தண்ணீர் நின்றுபோனது. காருக்குள் உட்கார்ந்திருந்த பெரிய மனிதரை நுரையோடு இறக்கி, கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வைத்தார்கள். மறுநாள் தண்ணீர் தானாக வந்துவிட்டது. போன வாரம் ஒருநாள் மறுபடியும் நின்றது. மறுநாளே சிவப்பிரகாசம் ஒரு முடிவுக்கு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மாள் என்பவளுக்கு நெல் வயலும் ஒரு கிணறும் இருந்தன. அவள் கிணற்று மோட்டார்தான் தன் போர்த் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாலு ஆட்களை அனுப்பினார். அவர்கள் மோட்டாரைக் கழற்றித் தூக்கிவந்து அவருடைய கொட்டகைக்குள் போட்டுவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் முன்னால் அவளைத் 'தண்ணித் திருடி' என்று வேறு சொல்லியாகிவிட்டது.

"மோட்டார் உங்க கொட்டகையில் இருக்கு. அப்புறம் இன்னைக்கு எப்படித் தண்ணி நின்னது?" என்று கேட்டாள் சாவித்திரி.

சிவப்பிரகாசம் துண்டை உதறித் தோளில் போட்டார். "டீசல் இஞ்சின் வாடகைக்கு எடுத்திருப்பா மேடம். ராவோட ராவா எறைச்சிருப்பா. அமாவாசை இருட்டுல பெருச்சாளிக்குப் போனதெல்லாம் வழிதானே? நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. சாயந்தரம் போலீஸ்ல குடுத்துடறேன். அதுக்கப்பறம் மோட்டார மறந்துட வேண்டியதுதான் அவ."

ரிப்போர்ட்டில் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் துப்பறிய ஆள் கூப்பிடுகிறவர்கள் சாவித்திரிக்குப் புதிதில்லை. அவள் வேலியைத் தாண்டி நடந்தாள்.

சின்னம்மாள் வரப்பில் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். வயலில் மண் வெடித்துக் கிடந்தது. கதிர் வெளியே வந்துவிட்டிருந்தது, ஆனால் இலை நுனியெல்லாம் சுருண்டிருந்தது.

"நீதானா எம்மா அந்த சி.ஐ.டி.? வா, வந்து பாரு" என்றாள். ஒரு நெல்லைப் பிய்த்து சாவித்திரியின் உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். வெள்ளையாக ஒரு துளி கசிந்தது. "பால் புடிக்கிற நேரம். இன்னிக்கு தண்ணி பாயலன்னா அத்தினியும் பதரு. மோட்டார தூக்கிகினு போயிட்டு, என்ன திருடின்னு ஊர் பூரா சொல்லிகினு இருக்கறான். கெணத்த எட்டிப் பாரு. தண்ணி இருக்குதா இல்லியா?"

சாவித்திரி எட்டிப் பார்த்தாள். ஆழத்தில் தெளிந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. டீசல் இஞ்சின் வைத்த தடமோ எண்ணெய்க் கறையோ எங்கும் இல்லை.

"தண்ணி கண்ணுக்குத் தெரியுது. மேல ஏத்த வழியில்ல" என்ற சின்னம்மாளின் குரல் உடைந்தது. உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். "அவன் தண்ணிய நான் இன்னாத்துக்குத் திருடணும்? அந்த சோப்புத் தண்ணிய என் எருமகூட தொடாது!"

"அக்கா, அதைக் கொஞ்சம் பார்த்துடலாமா?" என்றாள் சாவித்திரி.

டேவிட் டிரம்மிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தான். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த எருமை மூக்கை நீட்டியது, ஒரு தும்மல் போட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. சின்னம்மாள் கிணற்றில் கயிறு போட்டு ஒரு வாளி இழுத்து வைத்தாள். அதை எருமை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாளியின் அடியை நக்கியது.

"முதல் தண்ணிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கெடைக்கல மேடம்" என்றான் டேவிட்.

சாவித்திரி சிரிக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கையில் அந்தப் பால் துளி காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து சிவப்பிரகாசத்திடம் கேட்டாள்.

"தண்ணி நின்ன நாளெல்லாம் என்னென்ன நாள்?"

"திறப்பு விழா அன்னிக்கு ஒண்ணு. நல்ல நாளா பாத்து போன அமாவாசையிலதான் வெச்சேன். அப்பறம் போன வாரம், எங்க பெரியப்பா தவறிட்ட அன்னிக்கு. நான் சாவு வீட்ல இருக்கறேன், இவ இங்க தண்ணி எறைக்கறா! ஈவு எரக்கம் வேணாமா மேடம்? அப்பறம் இன்னிக்கு."

"போர் போடும்போது கூட இருந்தது யாரு?"

"மேனேஜர் ராஜவேலு. என் நூல் பட்டறைய பாத்துக்கறான். இந்த எடம் வேணாம் வேணாம்னு கால்ல வுழாத கொறையாச் சொன்னான். ஏண்டான்னா முழிப்பான். அவன் பேச்ச கேட்டிருந்தா எனக்கு இப்படி ஒரு எடம் கெடச்சிருக்குமா?"

"அவரைப் பார்க்கணும்."

"பட்டறைலதான் இருப்பான். டவுனுக்குள்ள போயி சுத்திகினு போவணும். டேவிட்டு தம்பிக்கு அந்தத் தெரு தெரியும்."

மாருதி நுரைக் கோலத்தில் இருந்ததால், கார் வாஷ் ஆபரேட்டரின் டி.வி.எஸ். 50 கிடைத்தது. டேவிட் ஓட்ட, தமிழ்நாட்டின் பேர் பெற்ற பெண் துப்பறிவாளர் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து ஒரு கையால் சீட்டையும் மறுகையால் கைப்பையையும் பிடித்துக்கொண்டாள். வண்டி மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, ஒரு கோயிலைச் சுற்றி, நெசவாளர் தெருக்களுக்குள் புகுந்தது.

இரண்டு தெரு போனதும் சாவித்திரிக்கு ஏதோ குறைந்தது போல இருந்தது. வீடுகள் திறந்திருந்தன, ஆட்கள் இருந்தார்கள், வடை சுடும் வாசனைகூட வந்தது. கூரை மேல் சோறு வைத்துவிட்டு ஒருவர் காக்காயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தெரு ஊமையாக இருந்தது.

"டேவிட், தறிச் சத்தத்தையே காணோமே?"

"இன்னிக்கு அமாவாசை இல்லியா மேடம்? தறிய தொட மாட்டாங்க. இவங்களுக்கு அதான் லீவு. யாருனா தவறிட்டாலும் லீவு. எங்க தெருவுல ஓடும், நாங்க ஞாயித்துக்கிழமதான் நிறுத்துவோம். அதனால மாசத்துல ஒருநாள் ஆரணில எங்க சத்தம் மட்டும்தான்."

"வண்டியை நிறுத்து."

டேவிட் பிரேக்கை அழுத்தினான். சாவித்திரி இறங்கி நடுத்தெருவில் நின்றாள்.

"போன அமாவாசை. பெரியப்பா செத்த நாள். இந்த அமாவாசை."

டேவிட் கொஞ்சம் யோசித்தான். "அப்ப நம்ம திருடன் லீவு நாள்ல மட்டும் திருடறான். நல்ல தொழிலாளி மேடம்."

"திருடினான்னு ஏன் நினைக்கிறே? தண்ணி எடுக்கிறவன் லீவு போட்டா தண்ணி கூடணும். இங்க லீவு நாள்ல தண்ணி குறையுது."

"அப்ப?"

"தண்ணி ஊத்துறவன்தான் லீவு போடறான்" என்றாள் சாவித்திரி. "விடு வண்டியை. ஜல்தி."

நூல் பட்டறை தெருவின் கடைசியில் இருந்தது. பதப்படுத்தாத பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் வேகவைத்து அதன் பசையை எடுக்கிற இடம். பசை போன பிறகுதான் நூலுக்குப் பளபளப்பு வரும், சாயம் பிடிக்கும். உள்ளே அடுப்புகள் அணைந்திருந்தன. அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. கால் வைத்ததும் டிரம்மில் மோந்த அதே வாசனை மூக்கில் ஏறியது. டேவிட் சாவித்திரியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ராஜவேலு வாழையிலையில் படையல் வடையோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். வந்திருப்பது யார் என்று டேவிட் சொன்னதும் வடையை இலையிலேயே வைத்துவிட்டார்.

மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி நிறைய மஞ்சளாக, கொழகொழவென்று தண்ணீர் இருந்தது.

"இது என்ன?" என்றாள் சாவித்திரி.

"நேத்து நூல் வேக வெச்ச தண்ணிங்க. ஆறிகினு இருக்குது. நாளைக்கு வேல ஆரம்பிக்கும்போது தெறந்து வுட்டுடுவோம்."

"தினமும் திறந்து விடுவீங்களா?"

"வேல நடக்கற நாளெல்லாம்."

"திறந்து விட்டா எங்கே போகும்?"

"போயிடுங்க" என்றார் ராஜவேலு.

"எங்கே?"

"அது... அப்டியே போயிடும்."

"தண்ணிக்கும் காசிக்குப் போற ஆசை வந்துடுச்சு போல" என்றான் டேவிட். அவன் சும்மா இருக்கவில்லை. பின்பக்க மதில் ஓரமாகக் கிடந்த உடைந்த தறிக்கட்டை மேல் ஏறி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"மேடம். நம்ம கார்."

சாவித்திரியும் ஏறிப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சரிவில் முள்செடிகள். அதற்கு மேலே, கூப்பிடு தூரத்தில், கொட்டகைக்குள் வெள்ளை மாருதி நுரையோடு நின்றது. சிவப்பிரகாசம் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ரோடு வழியாக ஊரையே சுற்றி வந்தவர்கள், வந்து சேர்ந்திருந்தது கார் வாஷின் முதுகுப்புறத்துக்குத்தான். நடுவில் முள்செடிகளுக்குள் ஒரு கல் பலகை தரையோடு தரையாகக் கிடந்தது. ஏதோ ஒன்றை மூடிய பலகை.

சாவித்திரி இறங்கிவந்து ராஜவேலுவின் எதிரில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பலகைக்குக் கீழே என்ன?"

"பாழுங்கெணறுங்க. எப்பவோ வத்திப் போனது."

"இந்தத் தொட்டியிலிருந்து அதுக்குக் குழாய் போகுது. சரிதானே?"

ராஜவேலு வடை இலையைத் தள்ளி வைத்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ராஜவேலு, அங்கே ஒரு பொம்பளையோட பயிர் காயுது. அவங்களைத் திருடின்னு இன்னைக்குப் போலீசுக்கு இழுக்கப் போறாங்க. தெரியுமா?"

"தெரியுங்க. ராத்திரி தூக்கமே இல்ல. ஆனா அது சொல்லக் கூடாதுங்க. மொதலாளி சொல்லக் கூடாதுன்னிருக்காரு."

"யார்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு?"

ராஜவேலு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அவருகிட்டயேதாங்க."

டேவிட் தறிக்கட்டையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

பிறகு ராஜவேலு கொட்டித் தீர்த்தார். பட்டறைத் தண்ணீர் தெருச் சாக்கடையில் போனபோது அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் சண்டைக்கு வந்தார்கள். "எங்கனா வுடுடா. எங்க வுடறன்னு எங்கிட்ட மட்டும் சொல்லாத. எவனாவது கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சத்தியமா சொல்லணும்" என்றார் சிவப்பிரகாசம். ராஜவேலு மதிலுக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய தரிசில் கிடந்த பாழுங்கிணற்றுக்குக் குழாய் பதித்தார். பிரச்சினை முடிந்தது. அதற்குப் பிறகு ஊரில் இத்தனை நிலம் இருக்க, முதலாளி கார் வாஷுக்கு என்று தேடித் தேடி வாங்கியது அந்தத் தரிசைத்தான். போர் போட்டதோ அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்.

"பொங்கி வந்துச்சும்மா. மாலை போட்டு, தேங்கா ஒடச்சி, தீர்த்தம்னு எல்லாரு தலையிலயும் தெளிச்சாரு. என் தலையிலயும் தெளிச்சாரு. அப்ப எப்டிம்மா நான் சொல்றது?"

"சந்தேகம் இல்லாம தெரிஞ்சுக்கணும். இந்தத் தொட்டியைத் திறந்து விடுங்க" என்றாள் சாவித்திரி.

ராஜவேலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அமாவாசை அன்னிக்குத் தொழில தொட மாட்டேங்க. அந்தப் பாவத்தையும் செய்யச் சொல்லாதீங்க."

"எனக்கு ஞாயித்துக்கிழமதாங்க லீவு" என்று டேவிட் சட்டைக் கையை மடித்தான். தொட்டியின் அடியில் அடைத்திருந்த துணி மூட்டையைப் பிடித்து இழுத்தான். மஞ்சள் தண்ணீர் கடகடவென்று குழாய்க்குள் இறங்கியது.

அதற்குள் ராஜவேலு பழக்க தோஷத்தில் இருவருக்கும் டீ வரவழைத்திருந்தார். டீயைக் குடித்து முடித்ததும் டேவிட்டின் செல்போன் அலறியது. எடுத்தவன் சத்தத்தைத் தாங்காமல் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

"தண்ணி வந்துடுச்சு மேடம்!" சிவப்பிரகாசத்தின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நேராகவே கேட்டது. "நீங்க விசாரிச்ச உடனே அந்தம்மா பயந்துட்டா! திருடினத திருப்பி வுட்டுட்டா! உங்க கார் பளபளன்னு இருக்குது, வந்து பாருங்க!"

அவர்கள் திரும்பிப் போனபோது கார் வாஷில் கூட்டம் சேர்ந்திருந்தது. கல்யாணப் புடவை எடுக்க வந்த இரண்டு குடும்பத்தின் கார்கள் வரிசையில் நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மாள், சிவப்பிரகாசம் கத்துவதைக் கல் போலக் கேட்டுக்கொண்டு நின்றாள். ராஜவேலு டி.வி.எஸ். 50-க்குப் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"எழுதுங்க மேடம் ரிப்போர்ட்ட! திருடி மாட்டிகினா!"

"திருட்டே நடக்கலை சார். உங்க போர்ல தண்ணியே கிடையாது. நீரோட்டம் பார்க்கிறவர் சொன்னது சரி" என்றாள் சாவித்திரி. "அதுல வர்றது உங்க நூல் பட்டறையில் வேகவைச்ச தண்ணி. உங்க குழாய் வழியா, உங்க நிலத்துப் பாழுங்கிணத்துக்கு வந்து, உங்க போர்ல ஏறுது. பட்டறைக்கு லீவு விட்டா போருக்கும் லீவு."

சிவப்பிரகாசம் சிரித்தார். பிறகு தூணைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"டேய் ராஜவேலு. அந்தத் தண்ணிய நீ எங்கடா வுட்ட?"

"எங்கிட்ட சொல்லாதன்னு சொன்னீங்க மொதலாளி" என்றார் ராஜவேலு.

தீர்த்தம் என்று தன் தலையில் தெளித்துக்கொண்டது சிவப்பிரகாசத்துக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை தானாக உச்சந்தலைக்குப் போனது. அவர் சாவித்திரியைக் கொட்டகை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குசுகுசுத்தார்.

"மேடம், இது நமக்குள்ள இருக்கட்டும். மெஷின் கோளாறுன்னு எழுதிடுங்க. மோட்டார குடுத்துடறேன். உங்களையும் நல்லா கவனிச்சுக்கறேன்."

"அந்தக் குழாயை இப்பவே அடைக்கணும். அந்தத் தண்ணி இன்னைக்கு உங்க போருக்கு வருது. நாளைக்கு வேலியைத் தாண்டி அவங்க கிணத்துக்குப் போகும்."

"அடைச்சா பட்டறைய எப்டி நடத்தறது? கார் வாஷ எப்டி நடத்தறது?"

"இடம் தேடுறதுல உங்களுக்கு அனுபவம் இருக்கே, தேடுங்க. எங்கே விடறாங்கன்னு இந்த தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அடைக்கலைன்னா, நீங்க கேட்ட ரிப்போர்ட்டை நானே நேர்ல கொண்டுபோய்க் கொடுப்பேன், கலெக்டர் ஆபீஸ்ல."

சிவப்பிரகாசம் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். மோட்டாரைத் தூக்கிப்போன அதே நாலு பேர் அதைச் சுமந்துகொண்டு வேலியோரம் போனார்கள். சின்னம்மாள் வழியை மறித்தாள்.

"வெக்காத. அங்கயே நில்லு."

"அக்கா, பயிர் காயுது" என்றாள் சாவித்திரி மெதுவாக.

"காயட்டும் எம்மா. இத்தினி நாள் காஞ்சிது, இன்னும் கொஞ்ச நேரம் காயட்டும்." சின்னம்மாள் அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "மோட்டார தூக்கினப்ப இவ்ளோ பேரு நின்னுகினு இருந்தாங்க. அவங்க முன்னாடிதான என்ன திருடின்னு சொன்னான்? அதே வாயால சொல்லச் சொல்லு."

கல்யாண வீட்டுக்காரர்கள் காரிலிருந்து இறங்கிவந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவப்பிரகாசம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றாள் சின்னம்மாள்.

"இந்தம்மா திருடல" என்றார் சிவப்பிரகாசம்.

"கேக்கல."

"இந்தம்மா எதையும் திருடல! தப்பு என்னுது!" அவர் கத்திய கத்தலில் வேப்பமரத்தடி எருமை எழுந்து நின்றுவிட்டது.

சின்னம்மாள் வழியை விட்டாள். டேவிட்டும் ஆட்களோடு கிணற்றடிக்கு ஓடினான். மோட்டாரைப் பொருத்தி ஒயரைக் கொடுத்ததும் அது இருமியது, பிறகு ஓட ஆரம்பித்தது. தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, வெடித்த மண்ணுக்குள் இறங்கிப் போனது. முதல் பாத்தியில் மண் கறுத்தபோது சின்னம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. சாவித்திரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வேலியோரம் நிழல் விழுந்தது. சிவப்பிரகாசம் தனியாக வந்திருந்தார். அவர் கண் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மேலேயே இருந்தது. கொட்டகையில் அடுத்த கார் நுரை பூசிக்கொண்டு நின்றது. தொட்டியில் இருந்த பட்டறைத் தண்ணீர் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. பெண் வீட்டார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யம்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் சரியாக உட்காரவில்லை. "கொஞ்சம்... இந்தத் தண்ணில கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

சின்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். கிணற்றடியில் இருந்த சொம்பை எடுத்து, விழுகிற தண்ணீரில் நிறையப் பிடித்து, வேலிக்கு மேலாக அவரிடம் நீட்டினாள்.

"இந்தா, குடி. தாகம்னு கேட்டா எதிரிக்கும் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "காருக்கு தாகம் எடுக்காது."